கஸ்டம் வாட்டர் கூலிங் லூப்பில் பம்பை எங்கே, எப்படி வைப்பது: முழுமையான வழிகாட்டி

கணினியைத் தண்ணீரால் குளிர்விக்க கஸ்டம் லூப் (பாகங்களுக்கும் ரேடியேட்டருக்கும் இடையே தண்ணீர் ஓடும், நாமே கட்டும் மூடிய சுற்று) கட்ட உட்காருபவர்கள் பெரும்பாலும் ரேடியேட்டரில்தான் ஆரம்பிப்பார்கள். கேஸின் (கணினிப் பெட்டியின்) மேலே ஒரு 360 மி.மீ., முன்னால் ஒரு 240 மி.மீ., கிராஃபிக்ஸ் கார்டுக்கு பிளாக் (சிப்பின்மேல் உட்கார்ந்து அதன் சூட்டைத் தண்ணீருக்குக் கடத்தும் பாகம்), நிறம் பார்த்து ஃபிட்டிங் (டியூப்பை இணைக்கும் திருகு முனை). எல்லாம் மாட்டி முடித்தபின் எந்த மூலை மிச்சமோ அங்கே பம்ப். பிறகு தண்ணீர் ஊற்றும்போது பம்ப் கொரகொரவென்று சத்தம் போடும், தண்ணீர் அசையாது, கட்டியதை எல்லாம் பிரிக்க வேண்டியிருக்கும்.

நானும் முதல் லூப்பை அப்படித்தான் கட்டினேன். பிறகு மற்றவர்கள் கட்டும்போது கூட இருந்து பார்த்ததில், தடுமாறும் இடங்கள் ஏறக்குறைய எல்லோருக்கும் ஒன்றாகவே இருந்தன. அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாமல் போங்கள். பம்பின் இடத்தை முதலில் முடிவு செய்யுங்கள். மற்ற பாகங்கள் அதற்கு ஒதுங்கிக்கொள்ளட்டும்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

பம்ப், ரெசர்வாயர் (தண்ணீர் நிற்கும் சிறு தொட்டி), டியூப், ஃபிட்டிங் எல்லாம் வாங்கியிருப்பீர்கள். அவற்றைத் தவிர, பலரும் விட்டுவிடும் சில பொருள்கள் உண்டு.

வடிகாலுக்கு ஒரு T வடிவ ஃபிட்டிங்கும் ஒரு சிறிய பால் வால்வும் (ball valve, திருப்பினால் திறந்து மூடும் வால்வு). பயன்படுத்தாத துளைகளை மூட ஸ்டாப் பிளக்குகள். கணக்குக்கு மேல் இரண்டு கூடுதலாகவே வைத்துக்கொள்ளுங்கள். பவர் சப்ளையைத் தனியாக ஓடவைக்க 24 பின் ஜம்பர் பிளக். காற்றழுத்தத்தில் கசிவு பார்க்கும் கைப்பம்ப், அளவுமானியோடு. நீண்ட மூக்குள்ள ஊற்று பாட்டில். டிஷ்யூ தாள் ஒரு கட்டு. கூலன்ட் (லூப்பில் ஓடும் திரவம்) குறைந்தது 1 லிட்டர், உட்புறம் அலச டிஸ்டில்டு வாட்டர் இன்னும் 2 லிட்டர்.

ரேடியேட்டரை மாட்டுவதற்கு முன்பே சூடான டிஸ்டில்டு வாட்டர் ஊற்றிக் குலுக்கி அலசிவிடுங்கள். தொழிற்சாலையில் சாலிடர் செய்தபோது தங்கிய பிசுக்கும் துகளும் உள்ளே இருக்கும். அவை நேராகப் போய்ச் சேரும் இடங்கள் இரண்டுதான்: பம்பின் தாங்கியும் (பேரிங்) சிபியு பிளாக்கின் மெல்லிய இடுக்குகளும்.

இன்னொன்று. பிளாக்குகள் செம்பு என்றால் ரேடியேட்டரும் செம்பு அல்லது பித்தளையாக இருக்கட்டும். அலுமினியம் கலந்தால் அரிப்பு தொடங்கிவிடும். எந்த இடத்தில் பம்பை வைத்தாலும் அந்த லூப்பைக் காப்பாற்ற முடியாது.

2. எந்தப் பம்ப் என்று தெரிந்துகொள்ளுங்கள்

கஸ்டம் லூப்புகளில் இரண்டு வகைதான் அதிகம் புழங்குகின்றன: டி5 (D5), டிடிசி (DDC). இரண்டும் 12 வோல்ட். இரண்டும் மையவிலக்கு வகை, அதாவது சுழலும் சக்கரம் நடுவில் வரும் தண்ணீரை ஓரத்துக்கு வீசித் தள்ளும்.

இட விஷயத்தில் இவற்றுக்குள்ள வேறுபாடு முக்கியம். டி5 உருவத்தில் பெரியது, சத்தம் குறைவு, தன் சூட்டைத் தண்ணீருக்கே கொடுத்துவிடும். அதனால் அதை மூடிய மூலையில் வைத்தாலும் பெரிதாகப் பாதகமில்லை. டிடிசி கைக்கு அடக்கமானது, அழுத்தம் அதிகம் தரும், ஆனால் அதன் அடிப்பகுதி நன்றாகச் சூடேறும். அடியில் காற்று போக இடம் விட வேண்டும், அல்லது உலோக ஹீட்சிங்க் உள்ள உறை போட வேண்டும். டிடிசியைப் பஞ்சில் புதைத்து 'சத்தமே இல்லை' என்று மகிழ்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பஞ்சு சூட்டையும் சேர்த்துப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

3. ரெசர்வாயர் மேலே, பம்ப் கீழே

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள்.

இந்தப் பம்புகள் தண்ணீரைத் தள்ளும். காற்றை உறிஞ்சித் தண்ணீரைத் தன்னிடம் இழுத்துவரத் தெரியாது. வீட்டு மோட்டார் ஏர் லாக் ஆனால் எப்படி வெறுமனே சுற்றிக்கொண்டிருக்குமோ அதே கதைதான். சக்கரத்தைச் சுற்றிக் காற்று இருந்தால் வீசித் தள்ள எதுவும் இருக்காது. ஆகவே பம்பை இயக்குவதற்கு முன்பே தண்ணீர் தன் எடையால் இறங்கி அதன் வாயில் (தண்ணீர் நுழையும் துளையில்) நிற்க வேண்டும்.

இதைவிடப் பெரிய காரணம் தாங்கி. டி5, டிடிசி இரண்டிலும் சுழலும் பாகம் ஒரு சிறிய பீங்கான் உருண்டையின் மேல் உட்கார்ந்து ஓடுகிறது. அதற்கு எண்ணெய் கிடையாது. ஓடும் தண்ணீரேதான் மசகு, அதுவேதான் குளிர்ச்சி. வறண்டு ஓடினால் அந்த இடம் தேயும். சில விநாடிகள் தாங்கும். சில நிமிடங்கள் ஓடிவிட்டால் பிறகு எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் அந்தக் கரகரப்பு போகாது.

என் முதல் லூப்பில் நடந்தது இதுதான். பவர் சப்ளையின் மூடிமேல் பம்ப், பக்கத்திலேயே தரையோடு தரையாக நிற்கும் உருளை ரெசர்வாயர். பார்க்க இரண்டும் ஒரே மட்டம். ஆனால் ரெசர்வாயரின் அடித்துளை பம்பின் வாயைவிட 3 செ.மீ. கீழே இருந்தது, இடையில் இருந்த டியூப் ஒட்டகத் திமில்போல் மேலே வளைந்து இறங்கியது. அந்த வளைவின் உச்சியில் கட்டைவிரல் நுனி அளவு ஒரு குமிழ். டியூப்பைத் தட்டினால் குமிழ் நடுங்கும், நகராது. மூன்று மாலைகள் அதோடு போராடினேன். கடைசியில் கேஸையே படுக்கவைத்தபோது 'களுக்' என்று ஏறிப்போனது. அதற்குள் பம்ப் தேய்ந்துவிட்டிருந்தது.

எனவே மூன்று விதிகள்.

ரெசர்வாயரின் அடித்துளை பம்பின் வாயைவிட உயரத்தில் இருக்க வேண்டும். 10 செ.மீ. நீர்மட்டம் தரும் அழுத்தம் சுமார் 0.01 பார்தான், ஆனால் பம்பின் வாயை நிரப்ப அவ்வளவே போதும்.

இரண்டுக்கும் இடையிலான டியூப் குட்டையாக, கீழ்நோக்கியே இறங்க வேண்டும். நடுவில் எங்கும் மேடு கூடாது. மேடு இருந்தால் காற்று அங்கே தங்கும்.

அந்த இடைவெளியில் ஃபில்டர், க்விக் டிஸ்கனெக்ட் (டியூப்பைச் சட்டென்று கழற்ற உதவும் இணைப்பான்), அடுக்கடுக்கான 90 டிகிரி முழங்கைகள் எதுவும் வேண்டாம். தள்ளும் பக்கத்தில் ஒரு தடை இருந்தால் ஓட்டம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். வாங்கும் பக்கத்தில் தடை இருந்தால் பம்ப் பட்டினி கிடக்கும்.

பம்பும் ரெசர்வாயரும் ஒன்றாகச் சேர்ந்தே வரும் காம்போ வாங்கினால் இந்த மூன்றும் தானாகவே நிறைவேறிவிடும். முதல்முறை கட்டுபவர்களுக்கு அதைத்தான் சொல்வேன். தனித்தனியாக வைப்பது கேஸ் மிகச் சிறியதாக இருக்கும்போதும், கையில் ஏற்கெனவே பம்ப் இருக்கும்போதும் மட்டும்.

'ரெசர்வாயருக்கு அடுத்து ரேடியேட்டர், அப்புறம் பம்ப் என்று வைத்தால் ஓடாதா?' என்று கேட்பார்கள். ஓடும். முழுதும் நிரம்பிய லூப்புக்கு வரிசை பற்றிக் கவலையே இல்லை. ஆனால் நிரப்பும் அந்த ஒரு மணி நேரம் நரகம். மாதங்கள் கழித்து கூலன்ட் மட்டம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும்போது, காற்று சேருமிடம் ரெசர்வாயராக இல்லாமல் பம்பாகப் போய்விடும் ஆபத்தும் உண்டு.

4. கேஸின் உயரம் பற்றிய வீண் பயம்

'பம்ப் அடியில் இருந்தால் அவ்வளவு உயரம் தண்ணீரை ஏற்ற வேண்டுமே, நடுவில் வைத்தால் சுமை குறையாதா?'

குறையாது. இது மூடிய சுற்று. ராட்டினத்தில் இறங்கும் பக்கத்தின் எடை ஏறும் பக்கத்தைத் தூக்கிவிடுவதுபோல, கீழே இறங்கும் தண்ணீரின் எடை மேலே ஏறும் தண்ணீரைச் சமன் செய்துவிடும். லூப் நிரம்பியபின் பம்ப் வெல்ல வேண்டியது பிளாக், ரேடியேட்டர், டியூப் ஆகியவற்றின் உரசலை மட்டும்தான். முதல்முறை நிரப்பும்போது மட்டும் உச்சிவரை ஏற்றியாக வேண்டும். டி5, டிடிசி இரண்டுமே 3 மீட்டருக்கு மேல் ஏற்றக்கூடியவை. எந்தக் கேஸும் அவ்வளவு உயரமில்லை.

ஆகவே அடியில் வைக்கத் தயங்க வேண்டாம். உயரே வைப்பதில்தான் தொல்லை. காற்று எப்போதும் மேட்டைத் தேடிப் போகும். லூப்பின் மேடு பம்பாக இருக்கக் கூடாது.

5. கேஸுக்குள் இடத்தை அளந்து பாருங்கள்

காகிதத்தில் சரியாக இருப்பது கேஸுக்குள் இடிக்கும். ஃபேன் 25 மி.மீ., ரேடியேட்டர் 30 மி.மீ. என்றால் முன்பக்கம் 55 மி.மீ. போய்விட்டது. 45 மி.மீ. ரேடியேட்டர் என்றால் 70. அதற்கு அப்பால் கிராஃபிக்ஸ் கார்டின் நுனிக்கும் ரேடியேட்டருக்கும் இடையே மிஞ்சுவதுதான் உங்கள் பம்புக்கு.

அட்டைப்பெட்டியை வெட்டி பம்ப் காம்போவின் அளவுக்கு ஒரு பொம்மை செய்துகொள்ளுங்கள். ஃபிட்டிங் நீட்டிக்கொண்டு நிற்கும் பக்கத்தில் 40 மி.மீ. கூடுதலாக ஒட்டுங்கள். எல்லோரும் மறப்பது இந்த ஃபிட்டிங்கைத்தான். பம்ப் பொருந்தும்; அதில் ஃபிட்டிங்கை முறுக்கியதும் கண்ணாடிக் கதவு மூடாது.

பொம்மையை வைத்த இடத்தில் மூன்று கேள்விகள் கேளுங்கள். ரெசர்வாயரின் மூடியைத் திறந்து மேலிருந்து ஊற்ற முடிகிறதா? மேல் ரேடியேட்டரின் ஃபேன் அதை மறைத்தால் ஒவ்வொரு முறையும் வேதனை. மற்ற பாகங்களைக் கழற்றாமல் பம்பின் திருகுகளை எட்ட முடிகிறதா? லூப்பில் ஓடித் தேயும் பாகம் பம்ப் ஒன்றுதான், ஒருநாள் கழற்றத்தான் வேண்டும். ஃபிட்டிங்கில் ஒரு சொட்டு விழுந்தால் அது எங்கே போய் விழும்? நேர் கீழே பவர் சப்ளையின் காற்றுத்துளை இருந்தால் இடத்தை மாற்றுங்கள்.

காம்போவை ரேடியேட்டரின் ஃபேன் துளைகளில் பிராக்கெட் போட்டு மாட்டுவது வசதியான வழி. அதில் ஒரு பொறி உண்டு: திருகின் நீளம். ஃபேனோடு சேர்த்துப் போட 30 மி.மீ. திருகு வரும், ஃபேன் இல்லாமல் நேராக மாட்ட 5 மி.மீ. திருகு. மாற்றிப் போட்டால் நீளத் திருகு ரேடியேட்டரின் குழாயையே துளைத்துவிடும். திருகைக் கையில் சுற்றிப் பார்த்து, முனை உள்ளே எவ்வளவு நீள்கிறது என்று பக்கவாட்டிலிருந்து கண்ணால் பார்த்த பின்பே ஸ்க்ரூடிரைவரைத் தொடுங்கள்.

6. பம்ப் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும்

மோட்டார் கீழே, சக்கர அறை மேலே: நல்லது. பம்பைப் படுக்கவைத்து மோட்டார் பக்கவாட்டில்: அதுவும் நல்லது. மோட்டார் மேலே, சக்கர அறை கீழே, அதாவது தலைகீழ்: வேண்டாம். தலைகீழாக வைத்தால் தாங்கி இருக்கும் குழிதான் அறையின் மிக உயர்ந்த இடமாகிவிடும். காற்று அங்கே ஏறி உட்கார்ந்துகொள்ளும், வெளியேற வழியிருக்காது.

படுக்கவைத்தால், தண்ணீர் வெளியேறும் துளை மேல்பக்கம் இருக்கும்படி திருப்புங்கள். அறையில் மிஞ்சிய காற்று முதல் சுற்றிலேயே அந்த வழியாகப் போய்விடும்.

உள்வழி எது, வெளிவழி எது என்பதில் ஊகம் வேண்டாம். மையவிலக்குப் பம்பில் தண்ணீர் நடுவில் நுழைந்து ஓரத்தில் வெளியேறும். மூடியின் உட்புறத்தைப் பார்த்தால் சுழல் நடுவில் ஒரு துளையும், விளிம்பைத் தொட்டுக்கொண்டு ஒரு துளையும் தெரியும். பெரும்பாலான மூடிகளில் இன், அவுட் என்று பொறித்தும் இருப்பார்கள். கறுப்பு அக்ரிலிக்கில் கறுப்பு எழுத்து என்பதால் டார்ச் அடித்துத்தான் படிக்க வேண்டியிருக்கும்!

மாற்றி இணைத்தால் பம்ப் ஓடும், சத்தமும் வரும், தண்ணீர் மட்டும் போகாது. நண்பர் ஒருவர் இப்படி இணைத்துவிட்டு, பம்ப் பழுது என்று திருப்பி அனுப்பப் பெட்டியே கட்டிவிட்டார். டியூப் இரண்டையும் இடம் மாற்றினோம், ஓடியது.

காம்போக்களில் நான்கைந்து துளைகள் இருக்கும். பயன்படுத்தாதவை ஒவ்வொன்றிலும் ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) சரியாக உட்கார்ந்த ஸ்டாப் பிளக் இருக்கிறதா என்று விரல் வைத்து எண்ணுங்கள். முன்பக்கம் எல்லோருக்கும் கண்ணில் படும். சுவரைப் பார்த்திருக்கும் பின்துளையை மாட்டிய பிறகு பார்க்கவே முடியாது.

7. அதிர்வு கேஸுக்குப் போகாமல்

பம்ப் எழுப்பும் சத்தத்தைவிட, அதிர்வை வாங்கித் தகடு எழுப்பும் சத்தம்தான் அறையில் கேட்கும். பம்புக்கும் தகட்டுக்கும் இடையே ரப்பர் வாஷரோ ரப்பர் கால்களோ போடுங்கள். திருகை இறுக்கிக் கட்டினால் ரப்பர் நசுங்கி, இல்லாததற்குச் சமம். ஆடாத அளவுக்குப் பிடித்தால் போதும்.

கடினமான பிஇடிஜி அல்லது அக்ரிலிக் டியூப் போடுபவர்கள் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். அந்த டியூப்பே அதிர்வை ரேடியேட்டர் வரை கடத்தும். ரப்பரில் ஆடும் பம்பையும் ஆடாத ரேடியேட்டரையும் கடின டியூப்பால் கட்டினால் ஃபிட்டிங்கில் இழுவிசை விழும். டியூப்பை மில்லிமீட்டர் சுத்தமாக வெட்டி, இழுக்காமல், தள்ளாமல் தானாக உட்காரும்படி பொருத்துங்கள்.

8. மற்ற பாகங்களின் வரிசை

இதற்குத்தான் பலர் இரவெல்லாம் படம் போடுவார்கள். உண்மையில் இதற்கு இவ்வளவு யோசனை தேவையில்லை.

400 வாட் சூடு, நிமிடத்துக்கு 4 லிட்டர் ஓட்டம் என்று வையுங்கள். லூப்பின் மிகச் சூடான இடத்துக்கும் மிகக் குளிர்ந்த இடத்துக்கும் உள்ள வேறுபாடு சுமார் 1.4 டிகிரிதான். ஓட்டம் பாதியானால் அது 2.9 டிகிரி. சிபியுவுக்கு முன்னால் ரேடியேட்டரா, பின்னால் ரேடியேட்டரா என்ற கேள்வியின் மொத்த மதிப்பு இவ்வளவுதான். டியூப் எந்த வழியில் குட்டையாக, வளைவு குறைவாகப் போகிறதோ அதுவே சரியான வரிசை.

விதிவிலக்கு ஒன்று: சிபியு பிளாக்கில் உள்வழி, வெளிவழி மாறக் கூடாது. தண்ணீர் நடுவில் இருக்கும் மெல்லிய இடுக்குகள்மேல் நேராகப் பாயும்படி அது வடிவமைக்கப்பட்டிருக்கும். ரேடியேட்டருக்கு எந்தப் பக்கமும் சரி. கிராஃபிக்ஸ் கார்டு பிளாக்குகளில் பலவற்றுக்கும் அப்படியே, ஆனாலும் அதன் கையேட்டை ஒருமுறை பாருங்கள்.

திரும்பி வரும் டியூப்பை ரெசர்வாயரில் நீர்மட்டத்துக்குக் கீழே இறக்குங்கள். மேலிருந்து கொட்டினால் அருவிபோல் அழகுதான். ஆனால் கொட்டுமிடத்தில் நுண்குமிழ்கள் உண்டாகி, கீழே பம்ப் அவற்றை விழுங்கிக்கொண்டே இருக்கும். மேல் துளையில்தான் இணைக்க வேண்டும் என்றால் உள்ளே ஒரு குழாய்த் துண்டைத் திருகி விடுங்கள்.

9. வடிகாலை இப்போதே வையுங்கள்

பம்ப் பெரும்பாலும் லூப்பின் அடிமட்டத்தில் இருப்பதால் வடிகாலுக்கும் அதுவே நல்ல இடம். பம்பின் வெளிவழிக்கு அடுத்து T வடிவ ஃபிட்டிங், அதன் கீழ்நோக்கிய வாயில் பால் வால்வு, வால்வின் முனையில் ஸ்டாப் பிளக். காம்போவின் அடியில் உபரித் துளை இருந்தால் அதிலேயே வால்வைப் போடலாம்.

வால்வை மட்டும் நம்பி பிளக்கை விட்டுவிடாதீர்கள். கேஸைத் துடைக்கும்போது கைபட்டு வால்வு திறந்துகொண்டதைக் கண்ணால் பார்த்தவன் சொல்கிறேன்.

10. மின் இணைப்பு

டி5 முழு வேகத்தில் 20 வாட்டுக்குச் சற்று மேல் எடுக்கும். சாதாரண ஃபேன் ஹெடர் (மதர்போர்டில் ஃபேனைச் செருகும் இடம்) 1 ஆம்பியர், அதாவது 12 வாட் வரைதான் தாங்கும். அதனால் பெரும்பாலான பம்புகளில் இரண்டு கேபிள் இருக்கும். சாட்டா அல்லது மோலெக்ஸ் கேபிள் பவர் சப்ளைக்கு, அது சக்தி. மெல்லிய நான்கு பின் கேபிள் மதர்போர்டுக்கு, அது வேகக் கட்டுப்பாடும் சுழற்சி அளவும்.

அந்த மெல்லிய கேபிளை சிபியு ஃபேன் ஹெடரில் போடுவது என் வழக்கம். பெரும்பாலான மதர்போர்டுகள் அந்த ஹெடரில் சுழற்சி தெரியாவிட்டால் தொடக்கத்திலேயே எச்சரித்து நின்றுவிடும். பம்ப் ஓடாதது தெரியாமல் கணினியைத் தொடங்கிவிடும் ஆபத்து குறையும்.

11. தண்ணீர் ஊற்றும் முன் காற்று

கைப்பம்பின் குழாயை ரெசர்வாயரின் மேல்துளையில் இணைத்து, மற்ற எல்லாம் மூடியிருக்க, 0.5 பார் வரை காற்றேற்றுங்கள். உங்கள் பாகங்களில் ஏதாவது அதற்குக் குறைவான வரம்பு சொன்னால் அதையே பின்பற்றுங்கள். அரை மணி நேரம் முள் அசையக் கூடாது. கசிவு காற்றில் தெரிந்தால் ஒரு ஃபிட்டிங்கை இறுக்குவதோடு முடிந்தது. தண்ணீரில் தெரிந்தால் மதர்போர்டைத் துடைத்துக்கொண்டிருக்க வேண்டும்.

முள் இறங்கினால் எல்லா ஃபிட்டிங்கையும் வெறிகொண்டு முறுக்காதீர்கள். அக்ரிலிக் விரிசல் விடும். இறுக்கத்தைத் தருவது ஓ-ரிங். கையால் முறுக்கி நிற்கும் இடத்திலிருந்து மிகக் கொஞ்சம் மட்டும். பெரும்பாலும் குற்றவாளி, கோணலாக உட்கார்ந்த ஒரே ஒரு ஓ-ரிங்தான்.

12. நிரப்புதல்

மதர்போர்டின் 24 பின், சிபியு கேபிள், கிராஃபிக்ஸ் கார்டு கேபிள் எல்லாவற்றையும் கழற்றுங்கள். பவர் சப்ளையில் பம்ப் மட்டும் இருக்கட்டும், ஜம்பர் பிளக்கை 24 பின்னில் செருகுங்கள். காகிதக் கிளிப்பை வளைத்துப் பச்சை ஒயரையும் கறுப்பு ஒயரையும் இணைக்கலாம் என்பார்கள். இப்போது பல பவர் சப்ளைகளில் எல்லா ஒயரும் கறுப்பு. பிளக்கே பாதுகாப்பு. ஃபிட்டிங்குகளின் கீழ் டிஷ்யூ விரியுங்கள்.

இனி அவசரமே கூடாது.

ரெசர்வாயரை நிரப்புங்கள். பம்பை இன்னும் இயக்காதீர்கள். தண்ணீர் பம்புக்குள் இறங்கும்போது குமிழ்கள் மேலே வரும். அவை நிற்கும் வரை பொறுத்து, குறைந்ததை ஊற்றிச் சரிசெய்யுங்கள். பம்பின் உடலை விரலால் நாலு தட்டு தட்டுங்கள்.

இப்போது பவர் சப்ளையின் சுவிட்சில் ஒரு கை, ரெசர்வாயரில் கண். போடுங்கள். மட்டம் கிடுகிடுவென்று இறங்கும். சிறிய ரெசர்வாயர் என்றால் மூன்று, நான்கு விநாடிகளில் அடி தெரிய ஆரம்பிக்கும். அடி தெரிவதற்கு முன்பே அணையுங்கள். திரும்ப ஊற்றுங்கள். திரும்பப் போடுங்கள். 10 மி.மீ. உள்விட்டமுள்ள டியூப் ஒரு மீட்டருக்கு சுமார் 80 மி.லி. குடிக்கும், ரேடியேட்டர் அதைவிடப் பல மடங்கு. ஆகவே பத்துப் பன்னிரண்டு தடவை ஆவது சகஜம்.

புதியவர்கள் இங்கேதான் பம்பைக் கொல்கிறார்கள். ஒரு கையில் பாட்டில், மறு கை மூடியில், சுவிட்ச் எட்டாத தூரத்தில். 'ஓடிக்கொண்டே இருக்கட்டும், நான் ஊற்றிக்கொண்டே இருக்கிறேன்' என்பார்கள். சிறிய ரெசர்வாயரில் அது நடக்காது.

மட்டம் இறங்காமல் பம்ப் மட்டும் உயர்ந்த குரலில் சுற்றினால் ஏர் லாக். உடனே அணைத்து, பம்பின் வெளிவழி மேலே பார்க்கும்படி கேஸைச் சாய்த்து, தட்டி, அரை நிமிடம் விட்டு மறுபடி போடுங்கள்.

மட்டம் இறங்குவது நின்றபின் முழு வேகத்தில் ஓடவிடுங்கள். ரெசர்வாயர் மூடியைப் போட்டு, கேஸை நான்கு பக்கமும் மெதுவாகச் சாயுங்கள். சாய்க்கும்போது பம்பின் வாய் தண்ணீரைவிட்டு வெளியே வராத அளவுக்கு மட்டும். ரேடியேட்டரின் முனைத் தொட்டிகளில் ஒளிந்திருந்த காற்று 'புளுக்' என்று வந்து சேரும். ஒரு சில மணி நேரம் ஓடட்டும். பொடிக் குமிழ்கள் போக நாலைந்து நாளாகலாம்.

ரெசர்வாயரை விளிம்புவரை நிரப்ப வேண்டாம். சூட்டில் கூலன்ட் விரியும். பத்தில் ஒரு பங்கு காற்று இருக்கட்டும்.

13. வேகத்தை அமைப்பது

டி5 4800 ஆர்பிஎம் வரை போகும். காற்றை வெளியேற்ற அது தேவை, அன்றாட ஓட்டத்துக்குத் தேவையில்லை. பெரும்பாலான லூப்புகளுக்கு 2500 முதல் 3000 வரை போதும். இரண்டு ரேடியேட்டர், இரண்டு பிளாக் என்றால் கொஞ்சம் கூட்டுங்கள்.

மதர்போர்டு அமைப்பில் வேகத்தை சிபியு வெப்பநிலையோடு கட்டாதீர்கள். அது விநாடிக்கு விநாடி எகிறிக் குதிக்கும், பம்பும் கூடவே ஊளையிடும். நிலையான வேகம் வையுங்கள். அல்லது தண்ணீரில் ஒரு வெப்ப சென்சார் போட்டு அதன்படி ஓட்டுங்கள்.

14. சத்தத்தை வைத்துக் கோளாறைக் கண்டுபிடிப்பது

சலசலவென்று விட்டுவிட்டுக் கேட்டால் இன்னும் காற்று இருக்கிறது, சாய்த்துத் தட்டுங்கள். முழு வேகத்தில் மட்டும் ரெசர்வாயரில் சுழி விழுந்து அதன் வால் பம்புக்குள் நுழைகிறதா? தண்ணீர் ஊற்றி மட்டத்தை உயர்த்துங்கள், போதாவிட்டால் சுழித்தடுப்புத் தகடு போடுங்கள். குறிப்பிட்ட ஒரு வேகத்தில் மட்டும் ரீங்காரம் வந்தால் அது தகட்டின் அதிர்வு, 100 ஆர்பிஎம் கூட்டியோ குறைத்தோ பாருங்கள்.

எந்த வேகத்திலும் ஒரே மாதிரி கரகரத்து, கையால் பம்பைப் பிடித்தாலும் மாறாமல் இருந்தால் தாங்கியைச் சந்தேகியுங்கள். வடித்து, பம்பைப் பிரித்து, சக்கரத்தை எடுத்துப் பாருங்கள். இரண்டு கை நகத்தாலும் மெதுவாகத் தூக்கினால் காந்தத்தின் பிடியை விட்டு வந்துவிடும். அடியில் அந்த உருண்டை தெரியும். மேலே ஒரு துகளோ நூல்போன்ற பிசிறோ ஒட்டியிருந்தால் துடைத்து மாட்டுங்கள், பாதிப் பம்புகள் அதிலேயே பிழைத்துவிடும். உருண்டையில் கீறல் விரலுக்குத் தட்டுப்பட்டால் புதிய பம்புதான். அதை மாட்டும்போது 3ஆம் பகுதியிலிருந்து மறுபடி வாருங்கள்.